எங்க வீட்டு வாசல்ல ஒரு வெள்ளை பைப்பு

இந்த பெர்க்ஸ் கவுண்டியில நான் ஓட்டை போடாத பேஸ்மென்ட்டே இல்லன்னு சொல்லிக்கலாம். சொல்லிக்கலாம் என்ன, முப்பத்திரண்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், கேக்கறவங்க காதுல ரத்தம் வர்ற வரைக்கும். எங்க வண்டியில பெரிய எழுத்துல எழுதியிருக்கும்: "ரோத்தர்மெல் ரேடான். உங்க வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்." அந்த வரியை யோசிச்சது நான்தான். அதுல "எங்க வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாது"ன்னு இன்னொரு வரி சேத்திருந்தா நேர்மையா இருந்திருக்கும்.

ரேடான்னா வேற ஒண்ணுமில்ல, பூமிக்குள்ள பாறையிலேர்ந்து கிளம்பற ஒரு வாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ள ஏறி, குளிர்காலத்துல நாம ஜன்னலை எல்லாம் சாத்தினதும் சுகமா குடித்தனம் பண்ணும். வருஷக்கணக்கா அதையே மூச்சு விட்டா நுரையீரல்ல புத்துநோய் வரும். எங்க வேலை என்னன்னா, பேஸ்மென்ட்டு கான்கிரீட்டுல ஓட்டை போட்டு, அடியில குழி தோண்டி, பைப்பு சொருகி, ஃபேன் வச்சு உறிஞ்சி, கூரைக்கு மேல ஊதி விடறது. க்ளேட்டன், அதான் என் வீட்டுக்காரன், ட்ரில்லு பிடிப்பான். குழிக்குள்ள கை விட்டு மண்ணு வார்றது, இண்டு இடுக்குல ஊர்ந்து போறது எல்லாம் நான். ஏன்னா அவன் வயிறு எந்த இடுக்குலயும் நுழையாது. என் வயிறும் இப்ப அப்படித்தான், ஆனா பழக்கம் விடல.

வேலையை விட எனக்குப் பிடிச்சது பேச்சு. வருஷா வருஷம் ஜனவரியில தீயணைப்பு நிலைய ஹால்ல ஒரு கூட்டம் போடுவேன். காபி, வெல்லப்பாகு ஊத்திச் சுட்ட மொலாசஸ் பலகாரம், அப்புறம் என் வாய். வீட்ல ரேடான் எவ்வளவுன்னு அளக்கற டெஸ்ட்டுல யார் யார் எப்படி ஏமாத்தினாங்கன்னு பேர் சொல்லியே கிழிப்பேன். லீராய் ஹேஃபர், எங்க எதிர்வீட்டுக்காரன், வீட்டை விக்க நினைச்சப்போ டெஸ்ட்டு டப்பாவைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள்ள ஸ்க்ராப்பிள்ங்கற பன்னிக்கறிக் கட்டிக்குப் பக்கத்துல வச்சுட்டான். இன்னொரு அம்மா தூசி படக் கூடாதுன்னு பிளாஸ்டிக்ல சுத்தி வச்சாங்க. ஒருத்தர் கோழிக் கூண்டுல வச்சார். "நாலுதான் எல்லை. நாலைத் தாண்டினா பைப்பு போடுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப டெஸ்ட் பண்ணுங்க"ன்னு மேசையைத் தட்டிச் சொல்லுவேன். லீராய் பத்து வருஷமா கடைசி வரிசையில உக்காந்து அந்தப் பலகாரத்தைத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான்.

இந்த வருஷம் ஜனவரியிலதான் என் பையன் கேலனும் மருமக கொரினும் நாலு மாசக் குழந்தை எம்மெட்டோட வந்து இறங்கினாங்க. வாடகை வீட்டை காலி பண்ணியாச்சு, புதுசா கட்டற வீடு கோடைக்குத்தான் முடியும். ஆறு மாசம் எங்கயாவது இருக்கணும். ஒண்ணு எங்க பேஸ்மென்ட்டு. கார்ப்பெட் போட்டு, சோபா போட்டு, க்ளேட்டன் ஒரு குட்டி பார் கூட கட்டி வச்சிருக்கான். இல்லன்னா லான்காஸ்டர்ல கொரினோட அம்மா டார்லீன் வீடு. டார்லீன் வீட்ல எல்லாமே பளபளன்னு இருக்கும், துண்டு கூட இஸ்திரி போட்டிருக்கும். நான் அந்தப் பொம்பளைகிட்ட ஒரு விஷயத்துல கூட ஜெயிச்சதில்ல. இந்த ஆறு மாசத்தை விட்டுக் குடுக்கறதா இல்ல. குழந்தை முதல் முதலா தவழறது என் கார்ப்பெட்லதான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

ஒரு வாரம் மேல தையல் ரூம்ல இருந்துட்டு அப்புறம் கீழ போறதா பேச்சு. கொரின் நர்ஸ். சத்தமே போடாது அந்தப் பொண்ணு. சனிக்கிழமை காலையில காபி ஊத்திக்கிட்டே கேட்டா.

"வெர்னா, இந்த வீட்டை கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"பண்ணியாச்சே. மூணு புள்ளி ஒண்ணு. சுத்தமான வீடு."

"எந்த வருஷம்?"

நான் க்ளேட்டனைப் பாத்தேன். க்ளேட்டன் முட்டையைப் பாத்தான்.

"கேலன் பொறந்த வருஷம்"னான். கேலனுக்கு இப்ப முப்பத்தினாலு.

அதுவும் கோடையில, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டு எடுத்த டெஸ்ட்டு, நாங்க தொழிலுக்கே வராத காலத்துல. அதுக்கப்புறம் தண்ணி வடியறதுக்கு பேஸ்மென்ட்டு மூலையில ஒரு குழி தோண்டினோம். காத்துப் புகாத புது ஜன்னல் மாட்டினோம். இதுல ஒண்ணை வேற எவனாவது பண்ணிட்டு டெஸ்ட் பண்ணலன்னா, ஹால்ல அவனைத் தோல் உரிச்சிருப்பேன்.

எங்க வண்டியிலயே நாலு மெஷின் கிடக்கு. அதுல ஒண்ணை கொரினே எடுத்துட்டுப் போய் கீழ வச்சா. நாப்பத்தெட்டு மணி நேரம். திங்கக்கிழமை காலையில நம்பர் வந்துச்சு. முப்பத்தொண்ணு.

என் மூஞ்சில ஈ ஆடல. க்ளேட்டன் சிரிச்சான் பாருங்க, போன மாசம்தான் தோள்ல ஆபரேஷன் பண்ணி கையைக் கழுத்துல கட்டித் தொங்க விட்டிருக்கான், அந்தத் தோள் வலிக்க வலிக்கச் சிரிச்சான்.

"வெர்னி, உன்னோட கூட்டத்துக்கு இந்த வருஷம் நீயே பாடம்டி."

"மெஷின் கோளாறு"ன்னேன். எனக்கே எங்கயோ கேட்ட பேச்சா இருந்துச்சு. ஒவ்வொரு வீட்லயும் நம்பரைச் சொன்னதும் வீட்டுக்காரங்க முதல்ல சொல்ற வார்த்தை இதான்.

கொரின் குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே நின்னா. "கீழ முப்பத்தொண்ணுன்னா மேலயும் அதுல பாதி இருக்கும். எம்மெட்டை இங்க மாசக்கணக்குல வச்சுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை அம்மாவை வண்டியோட வரச் சொல்றேன்."

"இன்னொரு தடவை பாத்துடலாமே. வேற மெஷின் வச்சு."

"சரி. இன்னும் ஒரே ஒரு தடவை."

இப்ப நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு காறித் துப்பணும்னு தோணினா துப்பிடுங்க. நியாயமா நான் என்ன பண்ணியிருக்கணும்? அன்னிக்கே ட்ரில்லை எடுத்திருக்கணும். ஒரு நாள் வேலை. பைப்பு வண்டியில இருக்கு, ஃபேன் வண்டியில இருக்கு. ஆனா பைப்பு போட்டா ஊருக்கே தெரியும். வெளியில வெள்ளையா இருபது அடிக்கு நிக்குமே! "வெர்னா வீட்லயே போட்டிருக்காங்க, இப்பதான் போட்டிருக்காங்க"ன்னு லீராய் சொல்லுவான். என் மானம் கப்பலேறிடும்.

அதனால செவ்வாக்கிழமை காலையில, கொரின் புது மெஷினை வச்சுட்டு குழந்தையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும், நான் கீழ இறங்கினேன். துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. அதை ஒரு கையளவு திறந்து விட்டேன். யாருக்கும் தெரியாம இருக்க முன்னாடி ஒரு போர்வையைத் தொங்க விட்டேன். ஒரு மேசை ஃபேனையும் பக்கத்துல வச்சேன், சும்மா, காத்தோட்டத்துக்கு. வீட்டுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கறேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கோழிக் கூண்டுல வச்சவரும் அன்னிக்கு இதையேதான் சொன்னார்.

வியாழக்கிழமை நம்பர் ரெண்டு புள்ளி நாலு.

"பாத்தியா!"ன்னு குதிச்சேன். என் வயசுல குதிக்கறதுன்னா குதிகால் தரையை விட்டுக் கிளம்பாது, ஆனா மனசு குதிச்சுச்சு. சிக்கன் பாட்பை பண்ண மாவு பிசைய ஆரம்பிச்சுட்டேன். கேலன் தொட்டிலைக் கீழ இறக்கட்டுமான்னு கேட்டான்.

கொரின் லேப்டாப்பைத் திருப்பி மேசை மேல வச்சா. அந்த மெஷின் வாயுவை மட்டும் அளக்காது. மணிக்கு மணி வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும். ஏமாத்தறவங்களைப் பிடிக்கறதுக்குன்னே அப்படிப்பட்ட மெஷினா பாத்து வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க?

"செவ்வாக்கிழமை பத்து மணிக்கு அறுபத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட் இருந்திருக்கு. பதினோரு மணிக்கு நாப்பத்தொண்ணு"ன்னா கொரின். "கீழ பனி பெஞ்சுதா வெர்னா?"

அந்த நேரம் பாத்து க்ளேட்டன் கீழேர்ந்து கத்தறான். "வெர்னி! துவைக்கிற மெஷினோட தண்ணிக் குழாய் உறைஞ்சு கல்லாயிடுச்சு! எவ இந்த ஜன்னலைத் திறந்து வச்சது?"

கையில மாவோட நின்னேன். கேலன் வாயைத் திறந்தான், கொரின் அவனைக் கையமர்த்தினா.

"நீங்க நம்பரைத்தான் ஏமாத்தினீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க"ன்னா. "இவன் ஆறு மாசம் அங்க தூங்கியிருப்பான். ஜன்னலைச் சாத்திட்டு."

சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். சத்தத்துக்குச் சத்தம் எனக்கு நல்லா வரும். இவ மெதுவா சொன்னா.  

கையில ஒட்டின மாவை உருட்டிக்கிட்டே சொன்னேன். "வெக்கமா இருந்துச்சு கொரின். பைப்பு தெரியுமேன்னு."

"பைப்பைப் போடுங்க"ன்னா. "நான் ஒரு கை பிடிக்கறேன். ஆனா அம்மாவை வர வேணாம்னு சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில ஆரம்பிச்சோம். க்ளேட்டன் ஒத்தைக் கையோட பார்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டான், மேற்பார்வை பாக்கறானாம். முப்பது கிலோ ட்ரில்லை நான் பிடிக்க, தண்ணி ஊத்திக்கிட்டே கொரின் நிக்க, படிக்கட்டுக்குக் கீழ தரையை வட்டமா அறுத்து எடுத்தோம். குப்புறப் படுத்து ஓட்டைக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டேன். சரளைக் கல் வரணும். கல்லா இருந்தா அடியில காத்து ஓடும், ஒரு குழி போதும், வீடு முழுக்க உறிஞ்சும். எனக்கு வந்தது மஞ்சள் களிமண்ணு, வெண்ணெய் மாதிரி.

"என்ன வருது?"ன்னான் க்ளேட்டன்.

"களிமண்ணு."

"உன் தலையிலேர்ந்தா?"

வாக்குவம் வச்சு உறிஞ்சி, மூலைக்கு மூலை குட்டி ஓட்டை போட்டு, புகை காட்டிப் பாத்தோம். அடியில இழுக்குதுன்னா புகை தரைக்குள்ள போகணும். எங்க புகை அசையாம நின்னு எங்களையே பாத்துச்சு. நாலு மணி நேர வேலை பாழ். எதிரிலேயே அந்தத் தண்ணிக் குழி வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. தண்ணி அதுல வந்து சேர தரைக்கு அடியில வீடு முழுக்க ஓட்டைக் குழாய் போட்டது நாங்கதான். வாயு எல்லாம் அதுலேர்ந்துதான் ராஜாவாட்டம் வந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு மூடி போட்டு அதுலேர்ந்து உறிஞ்சினா வேலை முடிஞ்சுச்சு. இதை முதல்ல பாத்தது கொரின். வேலைக்கு வந்து அரை நாள் ஆன பொண்ணு.

"இதை மூடிட்டு இதுலேர்ந்தே இழுக்க முடியாதா?"ன்னு கேட்டா.

"அதைத்தான் சொல்ல வந்தேன்"ன்னேன். சொல்ல வரல.

அந்தக் குழி வீட்டோட முன்பக்க மூலையில இருக்கு. பின்பக்கமா பைப்பைக் கொண்டு போகலாம்னா குறுக்க க்ளேட்டனோட பார். பக்கவாட்டுல போகலாம்னா அங்க ஜன்னல், ஜன்னல்கிட்ட ஊதினா திரும்பவும் உள்ளயே வந்துடும். ஆக, வெளியில போக ஒரே இடம் வாசக் கதவுக்குப் பக்கத்துல. தெருவைப் பாத்து. வாடிக்கைக்காரங்க யாராவது பைப்பு அசிங்கமா இருக்குன்னா, "பைப்பை யாருங்க பாக்கப் போறா"ன்னு சொல்லிச் சொல்லியே வாயடைச்சிருக்கேன். நல்ல வேளை அவங்க யாரும் அன்னிக்கு அங்க இல்ல.

லீராய் இருந்தான். சனிக்கிழமை காலையில ஏணி மேல நான் ஏறி நிக்கும்போது தெருவைத் தாண்டி மடக்கு நாற்காலியோட வந்தான், ஃபிளாஸ்க்குல காபியோட. எங்க புல்வெளியிலயே விரிச்சு உக்காந்தான்.

"என்ன வெர்னா, கொடிக்கம்பமா?"

"போடா லீராய்."

"நம்பர் எவ்வளவுன்னு கேக்கலாமா? ஹால்ல நீ எல்லாரையும் கேப்பியே."

ஏணி மேலேர்ந்து சொன்னேன். "முப்பத்தொண்ணு. அப்புறம் ஜன்னலைத் திறந்து வச்சு ரெண்டு புள்ளி நாலு ஆக்கினேன். மாட்டிக்கிட்டேன்."

அவன் ஃபிளாஸ்க்கை மூடி வச்சான். அப்புறம், "எனக்கு ஃப்ரிட்ஜுல வச்சும் ஒம்பது வந்துச்சு"ன்னான். எழுந்து வந்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டான். நாலு பைப்பு மாட்டற வரைக்கும் விடல. நடுநடுவுல இடது பக்கம் சாயுதுன்னு சொல்லி என் உயிரை எடுத்தான். நிஜமாவே சாஞ்சுதான் இருந்துச்சு.

மூணு மணிக்கு ஃபேனைப் போட்டோம். உம்முன்னு ஓடுச்சு. குழி மூடியைச் சுத்தி புகை காட்டினோம், சரக்குன்னு உள்ள போச்சு. கொரின் முதல் தடவையா சிரிச்சா, என்னைப் பாத்து இல்ல, புகையைப் பாத்து.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு டார்லீன் வந்துட்டா. வண்டியிலேர்ந்து இறங்கும்போதே அந்தப் பைப்பைக் கீழேர்ந்து மேல வரைக்கும் பாத்தா.

"புதுசா இருக்கே வெர்னா."

"ஆமாங்க. புதுசுதான்."

"உங்க தொழிலே இதுதானே? இத்தனை நாள் இல்லையா?"

அவளுக்கு அதைக் கேக்க உரிமை இருக்கு. கதவைத் திறந்து விட்டேன்.

எல்லாரும் கீழ போனோம். கொரின் ராத்திரியே மெஷினை வச்சிருந்தா, திரையில எட்டிப் பாத்தா. "ஒண்ணு புள்ளி எட்டு காட்டுது"ன்னா. கேலன் தொட்டிலோட ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தி வச்சிருக்கான், வண்டிக்கா, பேஸ்மென்ட்டுக்கான்னு தெரியாம. குழந்தை கார்ப்பெட்டைப் பாத்துக் காலை உதைக்குது. கொரின் என்னைப் பாத்தா. "நீங்க சொல்லுங்க வெர்னா. இது போதுமா?"

போதும்னு ஒரு வார்த்தை. நான் சொன்னா அவ இருந்திருப்பா. என் கண்ணுக்கும் அந்த நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. டார்லீன் கையில கார் சாவியை ஆட்டிக்கிட்டு நிக்கறா.

"போதாது"ன்னேன். "ஃபேன் ஓட ஆரம்பிச்சு ஒரு முழு நாள் ஆனப்புறம்தான் டெஸ்ட்டே வைக்கணும். அப்புறம் ரெண்டு நாள். இப்ப காட்டறது நம்பரே இல்ல. குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லி முடிச்சதும் மேல போய் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

தொட்டிலைக் கட்டி வண்டியில ஏத்தினதும் கொரின் எங்க வேனைத் திறந்து இன்னொரு மெஷினை எடுத்தா. டார்லீனுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

"எதுக்கு இது? என் வீட்ல அதெல்லாம் கிடையாது. என் வீடு சுத்தமான வீடு."

நான் வாயைத் திறக்கல. திறக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். க்ளேட்டன் என் முதுகுல கையை வச்சுக்கிட்டு நின்னான், பிரேக்கு மாதிரி.

புதன்கிழமை போன் வந்துச்சு. எங்க வீட்டு நம்பரை நான் சொல்றதுக்குள்ள கொரின் சொன்னா. "அம்மா வீட்ல பத்தொம்பது. உங்களுது?"

"ஒண்ணு புள்ளி ஏழு. ஜன்னல் சாத்தியிருந்துச்சு. வெப்பத்தையும் அனுப்பறேன், நீயே பாத்துக்க."

"அனுப்புங்க"ன்னா. நம்பிட்டேன்னு சொல்லல. பாத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டா. "நாளைக்கு வர்றோம். அம்மாவும் வர்றாங்க, அவங்க வீட்ல பைப்பு போட்டு முடிக்கற வரைக்கும்."

எம்மெட்டுக்காக நான் கேட்டது ஆறு மாசம். டார்லீனை நான் கேக்கவே இல்ல. வந்த அன்னிக்கே என் துண்டுக்கெல்லாம் இஸ்திரி போட்டுட்டா.

டார்லீன் வீட்டுக்கு அடியில பேஸ்மென்ட்டு கிடையாது. வெறும் மண்ணுத் தரை, ரெண்டடி உயரத்துக்கு ஒரு இடுக்கு. மண்ணு முழுக்க கெட்டி பிளாஸ்டிக் விரிச்சு, ஓரத்தை எல்லாம் சுவரோட ஒட்டி, அதுக்கு அடியிலேர்ந்து உறிஞ்சணும். போன வாரம் அதுக்குள்ள வயித்தால ஊர்ந்தேன். தலையில விளக்கு, வாயில சிலந்தி வலை, முட்டி ரெண்டும் கெஞ்சுது. தலைக்கு மேல பலகைத் தரையில டார்லீன் நடக்கற சத்தம் கேக்குது, எங்க நான் போறேனோ அங்க எனக்கு நேர் மேல வந்து நிக்கறா. கூடவே கொரினும், இடுப்புல குழந்தையோட. அவதான் பலகை வழியா குரல் குடுத்தா.

"வெர்னா, அந்தக் கோடி மூலையில ஒட்டினீங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

கோடி மூலை இருபதடி தள்ளி. நான் அப்பதான் வெளியில வர்றதுக்குத் திரும்பியிருந்தேன்.

"பாத்துட்டேன்"ன்னு கத்தினேன்.

பாக்கல. அங்கயே கொஞ்ச நேரம் குப்புறக் கிடந்தேன். அப்புறம் திரும்பிப் போய் பாத்தேன்.